"சும்மா பாத்ததுக்கு 400 ரூபாயா?"

"இன்னாண்ணா, ஒண்ணுமே மாத்தல. தொட்டுப் பாத்துட்டு 400 ரூபா கேக்குற?"

சித்திரை வெயில் ஏறினால் போதும், தண்டையார்பேட்டையில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் ஏசி மெக்கானிக்குகள் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கேள்வி இது. ஒண்ணும் மாத்தாமல் ஏசி ஓடுகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டியவரே நீங்கள்தானே! வேண்டாத பாகத்தை உங்கள் தலையில் கட்டாமல் விட்டதற்கு வாங்குகிற கூலி அது. அதற்கா இந்தப் பேரம்?

"கூலிங் இல்ல, போன்லயே இன்னான்னு சொல்லிடேன் தம்பி" என்பது அடுத்தது. எப்படிச் சொல்வது? ஃபில்டர் அடைத்தாலும் கூலிங் இருக்காது. அவுட்டோர் காயிலில் அழுக்கு அப்பினாலும், கம்ப்ரசர் மோட்டாருக்கு உதை கொடுக்கிற கெபாசிட்டர் தளர்ந்தாலும், வோல்டேஜ் இறங்கினாலும், சென்சார் தப்பாகக் காட்டினாலும், கேஸ் கசிந்தாலும் அதே கதைதான். கேஸ் குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும். ஃபில்டரில் தூசி அடைத்து காற்றோட்டம் குறைந்தாலும் அதே ஐஸ் கட்டும். போனில் கேட்டுவிட்டு "கேஸ் போச்சுண்ணா" என்று சொல்கிறவன் ஜோசியம்தான் சொல்கிறான்.

பார்ப்பது என்றால் இதுதான். இண்டோரில் உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று முதலில் அளக்க வேண்டும். 8-லிருந்து 12 டிகிரி வந்தால் மெஷினில் பெரிய கோளாறு இல்லை, ரூமைப் பாருங்கள். பிறகு அவுட்டோர். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அது மூன்றாவது மாடிச் சுவரில் தொங்கும், ஒன்றரை அடி சன்ஷேடில் நின்றுகொண்டுதான் மூடியைக் கழற்ற வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போதே வோல்டேஜ் பார்க்க வேண்டும். ஓடாதபோது 225 காட்டிவிட்டு, லோடு ஏறியதும் 180-க்கு விழுகிற வீடுகள் உண்டு. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர். அதற்குப் பிறகு கெபாசிட்டர். கரண்டை நிறுத்தினாலும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது, மீட்டர் 37 காட்டுகிறது என்றால் கம்ப்ரசர் முக்கிக்கொண்டு நிற்பது ஏன் என்று தெரிந்துவிட்டது. அதே அளவில் புதுசு போட்டால் முடிந்தது வேலை. கையில் இருக்கிற 36-ஐப் போட்டுவிட்டுப் போனால் கம்ப்ரசர் மோட்டாரின் சுருள், அதாவது வைண்டிங், நாளடைவில் சூடேறிச் சாகும்.

கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் வெளியே போகும்.

எங்களுக்கு அதிகமாக வயிறு எரிகிற இடம் கம்ப்ரசர்தான். இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரசருக்கு மூன்று முனை: சி (காமன்), எஸ் (ஸ்டார்ட்), ஆர் (ரன்). சூடேறி நின்றுபோன கம்ப்ரசரில் சி-எஸ், சி-ஆர் இரண்டும் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று, காட்டும். அரைகுறை ஆள் உடனே "வைண்டிங் போச்சு, புது கம்ப்ரசர் போடணும்" என்பான். விவரம் தெரிந்தவர் எஸ்-ஆர் பார்ப்பார். அங்கே ரீடிங் வந்தால் வைண்டிங் அறுபடவில்லை, உள்ளே இருக்கிற ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் சூட்டில் திறந்திருக்கிறது. ஆற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். ஆறியபின் மறுபடி அளந்தால் சி-எஸ், சி-ஆர் இரண்டையும் கூட்டினால் எஸ்-ஆர் வரும். கம்ப்ரசர் பாடிக்குக் கரண்ட் கசிந்து எர்த் அடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, ஏன் சூடேறியது என்று தேட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றும். உங்கள் கம்ப்ரசர் குப்பைக்குப் போகாமல் தப்பிய நேரம் அது! அதற்கு 400 ரூபாய் அதிகமாகப் படுகிறதா?

"ஃப்ரீ செக்கப்" என்று வருகிறவன் எதில் சம்பாதிப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? கேஸில்தான். 2,000, 3,000 என்று சத்தமில்லாமல் கொடுக்கிறீர்கள், கண்ணுக்குத் தெரிகிற சிலிண்டரைக் கொண்டுவந்தான் என்பதற்காக. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சமாச்சாரம் கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வருஷா வருஷம் "டாப்-அப்" போடுகிறவர் அந்த ஓட்டைக்குத்தான் வருஷா வருஷம் தண்டம் கட்டுகிறார்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றுக்கு அலுமினிய ஃபின் அப்பளமாக நொறுங்கும். செம்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். அங்கே பைப்பை இணைக்கிற ஃப்ளேர் நட்டோடு காயிலையும் சேர்த்துத் தேட வேண்டும். நைட்ரஜனை 300 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, சோப்பு நுரை தடவி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து, ஓட்டையை அடைத்து, வேக்குவம் பம்பு போட்டு 500 மைக்ரானுக்குக் கீழே இழுத்து, அது ஏறாமல் நிற்கிறதா பார்த்து, பிளேட்டில் எழுதியிருக்கிற கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். பாதி நாள் வேலை. இப்போது வருகிற பல ஏசிகளில் இருப்பது ஆர்-32, தீப்பற்றக்கூடிய கேஸ். அது உள்ளே இருக்கும்போதே பைப்பைப் பற்றவைக்கிற நெருப்பு, அதாவது பிரேஸிங் டார்ச், வைக்கிறவனை வீட்டுக்குள் விடுவதா மலிவு?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிற நேரத்தையும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்கிற நேரத்தையும் நாங்கள் இதில் சேர்க்கக்கூட இல்லை.

விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு என்று வரச்சொல்லும்போதே கேளுங்கள், அது உங்கள் உரிமை. காசு கொடுக்கும்போது ரீடிங்கை எழுதி வாங்குங்கள்: லோடில் வோல்டேஜ், ஆம்பியர், கெபாசிட்டர் மைக்ரோஃபாரட், காற்றின் டிகிரி வித்தியாசம். நாலு எண்தான். அதை எழுதித் தரத் தெரியாதவன் சிலிண்டரை எடுத்தால், வால்வில் ஹோஸை மாட்ட விடாதீர்கள்.