என்எஃப்டிக்கு ஏலக்கூடத்தின் சான்றிதழ் எதற்கு?

போன மாதம் ஓர் ஓவியக் காட்சிக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், நான் என்எஃப்டி, அதாவது யாருக்குச் சொந்தம் என்று பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பதிவேட்டில் பதிந்த டிஜிட்டல் படங்கள், வாங்கிச் சேர்ப்பவன் என்று சொன்னேன். காட்சியை நடத்தியவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அதையெல்லாம் எந்த மியூசியமாவது ஏத்துக்கிட்டிருக்காங்களா சார்?"

நான் உடனே அடுக்க ஆரம்பித்துவிட்டேன். பாரிஸ் பாம்பிடு மையம் 2023 பிப்ரவரியில் 18 என்எஃப்டிகளை எடுத்துக்கொண்டது, அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் லாக்மா மியூசியத்துக்கு ஒருவர் 22 கொடுத்தார், அதற்கும் முன்பே மயாமியில் ஒரு மியூசியத்தில் கிரிப்டோபங்க் என்ற பிக்சல் முகம் ஒன்று சேர்ந்துவிட்டது... வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. படம் எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை. நானும் போனைத் திறந்து ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பேச்சு எல்லாம் 2021 மார்ச் 11ஆம் தேதிக்குத்தான் போய் நிற்கும். பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் மைக் விங்கெல்மான், 2007 மே 1 முதல் நாளுக்கு ஒன்றாகச் செய்த 5,000 படங்களை ஒரே கோப்பாக ஒட்டியிருந்தார். கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தின் இணைய ஏலத்தில் 100 டாலரில் தொடங்கிய அது 6.93 கோடி டாலருக்குப் போனது. எடுத்தவர் மெட்டகோவன் என்ற புனைபெயரில் இருந்தவர். சில நாளில் உண்மைப் பெயர் வெளியே வந்தது: விக்னேஷ் சுந்தரேசன், சிங்கப்பூரில் வாழும் தமிழர். இந்தியர்களும் வெள்ளையர் அல்லாத மற்றவர்களும் கலைக்குப் புரவலர்களாக இருக்க முடியும் என்று காட்டவே வாங்கினோம் என்று அவரும் அவருடைய கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரனும் எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை இன்றும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதே பீப்பிளின் 20 படங்களை சுந்தரேசன் 2020 டிசம்பரிலேயே சுமார் 22 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். அதைப் பற்றி என் நண்பர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் போட்டவர் அதே பீப்பிள், வாங்கியவரும் அதே சுந்தரேசன். 1766இல் தொடங்கிய ஒரு லண்டன் ஏலக்கூடத்தின் பெயர் நடுவில் வந்ததும்தான் அது எல்லோருக்கும் கலை ஆனது. புரவலர் யார் என்பது மாறியது. எது கலை என்று சொல்லும் இடம் மாறவில்லை.

அந்த 5,000 படங்களைப் பற்றி அன்று யார் பேசினார்கள்? பதிமூன்று வருடம் ஒரு நாள் விடாமல் உழைத்த மனிதரின் கை எங்கே பழகியது, எங்கே திருந்தியது, எந்தப் படங்கள் மட்டமானவை (இருக்கின்றன, சில அருவருப்பானவையும்கூட) என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. எல்லோரும் தொகையைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தத் தொகைதான் சான்றிதழ் என்று நாமும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

விலை வருவதற்கு முன் இந்தப் பெரிய இடங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 2014 மே மாதம் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் கலைஞர் கெவின் மெக்காயும் தொழில்நுட்பக்காரர் அனில் தாஷும் மேடையேறி, ஒரு டிஜிட்டல் படைப்பின் உரிமையைப் பிளாக்செயினில் பதிந்து கைமாற்றிக் காட்டினார்கள். நடந்தது ஒரு மியூசியத்தின் மேடையில். அதன் பிறகு ஏழு வருடம் அந்த உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்காய் அப்போது பதிந்த 'குவாண்டம்' 2021 ஜூனில் சதபீஸ் ஏலக்கூடத்தில் 14.7 லட்சம் டாலருக்கு விற்றபோதுதான் அது "வரலாற்றுச் சிறப்பு மிக்கது" ஆயிற்று. கிரிப்டோபங்க்ஸும் அப்படித்தான். 2017இல் லார்வா லேப்ஸ் என்ற இருவர் அணி 24க்கு 24 பிக்சலில் 10,000 முகங்களைச் செய்து, அதில் 9,000ஐ இலவசமாகவே கொடுத்தது. அப்போது எந்த ஏலக்கூடமும் எட்டிப்பார்க்கவில்லை.

விலை ஏறியபோது வந்தார்கள், இறங்கியபோது போனார்கள். 2021 செப்டம்பரில் சதபீஸ் 'போர்ட் ஏப்' என்ற குரங்குப் பட என்எஃப்டிகள் 101ஐ ஒரே கட்டாக 2.44 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது பாரம்பரியமான ஒரு சேகரிப்பாளர் என்று பேச்சு. அடுத்த வருடம் திவாலான கிரிப்டோ சந்தையான எஃப்டிஎக்ஸ்தான் அது என்று பின்னால் ஒரு வழக்கில் குற்றம் சாட்டினார்கள். வழக்கில் சொன்னது முழுவதும் சரியா என்பதற்குள் நான் போகவில்லை. "பழைய பணக்காரர்களே வாங்குகிறார்கள்" என்ற ஒரு வரியை நம்பி மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை. அந்தச் சான்றிதழை நம்பியவனுக்கு அதைக் கொடுத்தவர் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. 2025 செப்டம்பரில் கிறிஸ்டீஸ் தன் டிஜிட்டல் கலைப் பிரிவையே மூடிவிட்டது. தாங்கள் விற்ற படங்கள் அதனால் ஒரு பிக்சலும் மோசமாகிவிடவில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

நம் பக்கத்துக் குப்பையையும் சொல்லத்தான் வேண்டும். என்எஃப்டி வாங்கி விற்கும் ஓப்பன்சீ தளத்தின் இலவச மின்ட் (படத்தை என்எஃப்டியாகப் பதியும்) வசதியில் உருவானவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் திருட்டு, போலி அல்லது ஸ்பாம் என்று அந்தத் தளமே 2022 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஆகவே யாராவது சலித்துத் தரத்தான் வேண்டும். ஆனால் சலிப்பவர் ஏலக்கூடமாக இருக்க முடியாது, விலை ஏற ஏற அவருக்குக் கமிஷனும் ஏறும்.

கணினிக் கலையின் முன்னோடியான வெரா மோல்னாரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1924 ஜனவரியில் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1959 முதல் அவர் 'கற்பனை இயந்திரம்' என்ற முறையில் வரைந்தார். சதுரங்களை எப்படி அடுக்குவது, எத்தனை பாகை சாய்ப்பது என்று விதிகளை எழுதி வைத்துக்கொண்டு, கணினி இல்லாமலேயே கணினிபோல ஒவ்வொரு படியாகக் கையால் வரைவது. 1968இல்தான் உண்மையான கணினி கைக்கு வந்தது. திரை கிடையாது. நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, பிளாட்டர் என்ற வரையும் இயந்திரத்தின் காகிதத்தில் என்ன வருகிறது என்று காத்திருக்க வேண்டும். கலையிலிருந்து மனிதனைத் துரத்துகிறாய் என்று அவரைத் திட்டினார்கள். முதல் தனிக் கண்காட்சி 1976இல், லண்டனில். அப்போது அவருக்கு வயது 52.

வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி 2022இல் அவரைக் கொண்டாடியபோது வயது 98. அடுத்த ஆண்டு ஜூலையில் கலைஞர் மார்ட்டின் கிராஸருடன் சேர்ந்து 500 என்எஃப்டிகள் வெளியிட்டார், எல்லாம் விற்றுத் தீர்ந்து சுமார் 12 லட்சம் டாலர் வந்தது. 2023 டிசம்பர் 7இல் இறந்துபோனார், நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பாம்பிடுவின் பெரிய கண்காட்சி 2024 பிப்ரவரியில் திறந்தது. அங்கீகாரத்துக்காகக் காத்திருந்திருந்தால் அந்த அம்மா 1959இலேயே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். நிரல் எழுதிப் படம் செய்யும் இன்றைய பிள்ளைகள் பலர் அவரைத்தான் பாட்டி என்று கொண்டாடுகிறார்கள், ஏலக்கூடத்தின் பட்டியலைப் பார்த்து அல்ல, அவர் சதுரங்களைப் பார்த்து.

இன்னொரு விஷயம், பணம் சம்பந்தப்பட்டது. 1958இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷென்பெர்க்கின் 'தா' (Thaw) என்ற படைப்பை டாக்சி நிறுவன முதலாளி ராபர்ட் ஸ்கல் 900 டாலருக்கு வாங்கினார். 1973இல் நியூயார்க் ஏலத்தில் அது 85,000 டாலருக்குப் போனது. ஓவியருக்கு ஒரு காசு வரவில்லை. ஏலம் முடிந்ததும் ரவுஷென்பெர்க் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளி, என் உழைப்பில் நீ சம்பாதிக்கிறாயே என்று கேட்டது பிரசித்தம். என்எஃப்டி வந்தபோது இந்த அநியாயத்துக்கு ஒரு பதில் இருந்தது: ஒவ்வொரு மறுவிற்பனையிலும் படைத்தவருக்கு ஒரு பங்கு, பல தளங்களில் 10 சதவீதம் வரை. நான் இதில் மனதைக் கொடுத்ததே அதற்காகத்தான். அப்புறம் சந்தைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு அந்தப் பங்கை வெட்டின. 2023 ஆகஸ்டில் ஓப்பன்சீயும் அதைக் கட்டாயமாக்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய கலையுலகத்தில் பல இடங்களில் இல்லாத ஒரு நல்ல வழக்கம் நம்மிடம் இருந்தது. எந்த மியூசியம் எதை எடுத்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அது கையைவிட்டுப் போயிற்று. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

அப்படியானால் மியூசியமே வேண்டாமா? வேண்டும். நியூயார்க்கின் குகன்ஹைம், ஷு லியா சாங்கின் 'பிராண்டன்' என்ற 1998ஆம் வருட இணையப் படைப்பை, பழைய நிரல் புதிய பிரவுசரில் ஓடாமல் உடைந்துபோனபோது, கணினி அறிவியல் ஆட்களோடு உட்கார்ந்து வரி வரியாகச் சரிசெய்தது. 2017இல் அது மறுபடி ஓடியது. இந்த வேலையைச் செய்யும் பொறுமை நம் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பாம்பிடுவும் லாக்மாவும் வந்தது விலை சரிந்த பிறகு என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் பார்க்க வந்தவர்கள். ஏலக்கூடத்தோடு அவர்களைச் சேர்த்துப் பேசுவது தப்பு. அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது சான்றிதழ் அல்ல, பழுதுபார்க்கும் வித்தை.

ஏனென்றால் பெரும்பாலான என்எஃப்டியில் பிளாக்செயினில் இருப்பது டோக்கன், அதாவது உரிமைச் சீட்டு, மட்டும்தான். படம் வேறெங்கோ இருக்கும், டோக்கனில் அதன் முகவரி இருக்கும். எஃப்டிஎக்ஸ் விழுந்த பிறகு அங்கே மின்ட் ஆன பல டோக்கன்களைத் திறந்தால் படத்துக்குப் பதில் திவால் நடவடிக்கைப் பக்கம் வந்தது. இதற்கு நேர்மாறாக, லார்வா லேப்ஸின் 2019 'ஆட்டோகிளிஃப்ஸ்' 512ம் பிளாக்செயினிலேயே ஓடும் ஒப்பந்த நிரலுக்குள்ளேயே படத்தை வரைந்துகொள்பவை. அந்தச் சங்கிலி (பிளாக்செயின்) ஓடும்வரை படமும் இருக்கும்.

ஹிக் எட் நுங்க் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பிரேசிலின் ரஃபேல் லிமா 2021 மார்ச்சில் டெசோஸ் சங்கிலியில் தொடங்கிய எளிய தளம். எதீரியம் என்ற பெரிய சங்கிலியில் ஒரு படம் மின்ட் செய்யவே பெரிய செலவு ஆன காலத்தில் இங்கே சில்லறைக் காசு போதும். நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து ஓவியர்கள் வந்து குவிந்தார்கள், ஒருவர் படத்தை ஒருவர் வாங்கினார்கள். நவம்பரில் ஒரு நாள் அவர் திடீரென்று தளத்தை மூடிவிட்டார். கோப்புகள் பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் ஐபிஎஃப்எஸ் வலையில் இருந்தன, ஒப்பந்தம் சங்கிலியில் இருந்தது, தளத்தின் நிரல் திறந்த நிரல். உடனே பயனர்களே மாற்றுத் தளங்களை ஏற்றிவிட்டார்கள். பின்னால் அதுவே டெய்யா என்ற பெயரில் கூட்டாக நடக்கும் தளமாக வளர்ந்தது. எந்த மியூசியமும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஒரு மியூசியம் செய்ய வேண்டிய முதல் வேலையை அவர்கள் செய்தார்கள்.

அந்தக் காட்சி நடத்தியவரை மறுபடி பார்க்கப் போகிறேன். இந்த முறை டேப்லெட் எடுத்துப் போவேன், படங்களைக் காட்டுவேன், பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பேன். அதற்காக நேற்று இரவு என் வாலட்டில் இருக்கும் 31 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்று திறக்கவில்லை. கோப்பை யாரும் பின் செய்து (அழியாமல் தன் கணினியில் நிறுத்தி) வைக்கவில்லை போலிருக்கிறது, நானும் இத்தனை வருடம் பார்க்கவில்லை. மூன்று ஓவியர்களுக்கும் எழுதினேன். காலையில் ஒருவர் மூலக் கோப்பை அனுப்பியிருந்தார், "இதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்ற கேள்வியோடு. பழைய லேப்டாப்பில் ஐபிஎஃப்எஸ் போட்டு அதைப் பின் செய்துவிட்டேன். மற்ற இருவரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.