வகுப்பில் வீடியோ போடுவதற்கு முன்னால்

‘இந்தப் பாடத்துக்கு நல்ல வீடியோ இருந்தா அனுப்புங்க’ என்ற செய்தி எங்கள் சேலம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. உடனே யாராவது ஒரு லிங்க் போடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்த வீடியோ, அனிமேஷன் அருமை, குரல் தெளிவு. அடுத்த பீரியடிலேயே அது வகுப்பில் ஓடிவிடுகிறது.

வீடியோ நன்றாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து முடித்ததும் எதை நம்பும் என்பதுதான் முதல் கேள்வி.

பருவகாலப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியனுக்குப் பக்கத்தில் பூமி போகும்போது கோடை வருகிறது என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வீடியோவில் பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்து வரைந்திருப்பார்கள். பின்னணிக் குரல் உண்மையான காரணமான பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிச் சரியாகவே பேசும். ஆனால் பிள்ளையின் கண் பார்ப்பது அந்தத் தூரத்தை. பழைய நம்பிக்கை இன்னும் கெட்டிப்படும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். ஜூலையில் அது சுமார் 15.2 கோடி. ஏற்காட்டில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாத மாதம்தான் ஜனவரி! இந்த ஒரு தகவலை முதலில் சொல்லிவிட்டு, ‘அப்புறம் ஏன் குளிருது?’ என்று கேட்டபின் அதே வீடியோவைப் போடுங்கள், வகுப்பே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. இந்த வீடியோக்களில் பல ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்து எடுத்தவை. இலை உதிரும், பனி கொட்டும், ஜூனில் நண்பகல் சூரியன் ஆண்டிலேயே மிக உயரத்தில் நிற்கும். சேலத்துக்கு அது பொருந்தாது. நாம் இருப்பது வடக்கே பதினொன்றரை டிகிரியைச் சற்றே தாண்டி. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும்தான் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஜூனில் பள்ளி திறந்ததும், மேகம் இல்லாத ஒரு நாளில், பன்னிரண்டேகாலுக்குக் கொஞ்சம் பிறகு பிள்ளைகளைக் கொடிக்கம்பத்தடிக்கு அழைத்துப் போங்கள். நிழல் தெற்கே விழுந்திருக்கும். எந்த வீடியோவும் இதைச் சேலத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதில்லை.

தெளிவான வீடியோ என்றால் பிள்ளைக்குப் புரிந்துவிடும் என்பதும் அவ்வளவு சரியில்லை. இன்று வெரிடாசியம் என்ற யூடியூப் அறிவியல் சேனலை நடத்தும் டெரெக் முல்லர், 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நேரடியாக, தெளிவாக விளக்கிய இயற்பியல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்றார்கள், ஆனால் தேர்வில் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. வழக்கமான தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் பேசி, பிறகு அது ஏன் தப்பு என்று விவாதித்த வீடியோவைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். கூடுதலாகக் கற்றது அவர்கள்தான். வீடியோ தேடும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

ஏற்காட்டில் பணிபுரியும் என் தோழியின் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று வீடியோ காட்டினார். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்துத் தெர்மாமீட்டரை விட்டார். 95-இல் நின்றுவிட்டது, எவ்வளவு கொதித்தும் ஏறவில்லை. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர், வீடியோல நூறுன்னுதான் சொன்னாங்க.’ கண்ணெதிரே கொதிக்கும் தண்ணீரைவிடத் திரை சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள். தோழி அன்று எதுவும் விளக்கவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மலை இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் தன் வீட்டு அடுப்பில் அதையே வைத்துப் போனில் படம் பிடித்தார். முள் போல மெலிந்த அந்தப் பாதரசக் கோடு 99-ஐத் தொட்டு நிற்பது தெரிகிறது, பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. மறுநாள் அதைப் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டதாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது என்பதற்கு அவர் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ‘அதான் எங்க வீட்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவே மாட்டேங்குது’ என்றாளாம் ஒரு சிறுமி. ஒரு நிமிடம்கூட ஓடாத, எந்த அலங்காரமும் இல்லாத அந்த வீடியோதான் நான் பார்த்ததிலேயே சிறந்த பாட வீடியோ.

நீளமும் முக்கியம். 2014-இல் எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பார்வைகளாவது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. தாங்களாகவே விரும்பிப் படிக்க வந்தவர்களுக்கே அப்படி. நம் ஏழாம் வகுப்புக்கு மூன்று நிமிடத் துண்டு போதும், நடுவில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

எங்கே தேடுவது என்றால், முதலில் பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு, பிறகு பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி. நம் பாடத்தின் வரிசையிலேயே போகும். பிள்ளை தானே மாற்றிப் பார்க்க வேண்டிய பாடமென்றால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிச் செய்முறைத் தளம். எதுவாக இருந்தாலும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்கூட்டியே சேமித்தும் வையுங்கள். மலையில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் விளம்பரம் வந்தால் அதைத்தான் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இதயத்தின் உட்புறம், செல் பிரிதல், கிரகணம் போன்றவற்றுக்கு வீடியோ கட்டாயம் வேண்டும். காந்தத்துக்கு எதற்கு? சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலைக் கல் ஒன்றை எடுத்து வாருங்கள், அதில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவில் காந்தம் ஒட்டும்.

குழுவில் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெறும் லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை போட வேண்டும், பிள்ளைகள் எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், அங்கே நிறுத்தி என்ன கேட்டீர்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். என் பங்குக்கு, பருவகால வீடியோக்களை அப்படிக் குறித்து இந்த வாரம் அனுப்புகிறேன்.