மாவுக்கட்டுக்கு எதற்குக் கைதட்டல்?

போலீஸ் பிடித்துப்போன ஒருவன் கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் படம் வந்தால் போதும், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் போல" என்று ஒருவர் போடுவார் (லாக்கப்பில் அடித்ததைத்தான் அப்படிக் கிண்டலாகச் சொல்வது), வரிசையாகச் சிரிப்பு எமோஜி வந்து விழும். போலீஸுக்கு சல்யூட் வேறு. என்னால் அதில் ஒரு நாளும் சிரிக்க முடிந்ததில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் நீலகிரியில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கைதானவர்களை ரிமாண்டுக்கு முன்னால் எங்களிடம்தான் கூட்டி வருவார்கள். பெரும்பாலும் நடு ராத்திரி. "சீக்கிரம் ஒரு ஃபிட்னஸ் போட்டுக் குடுங்கம்மா" என்பார்கள். காவலில் வைக்கும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் அது.

அப்படி ஒரு ராத்திரி வந்தவன், பூண்டு மூட்டை திருடினான் என்று பிடிக்கப்பட்ட எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் நடக்கும்போது பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றினான். டூட்டி டாக்டர் சின்னப் பெண். கூட வந்த காவலர்களை வெளியே நிற்கச் சொன்னார். "தப்பிச்சுருவான் மேடம்" என்றார்கள். "ஜன்னல்ல கம்பி இருக்கு சார், நீங்க கதவுக்கு வெளிய நில்லுங்க" என்றார். சாக்ஸைக் கழட்டினால் இரண்டு உள்ளங்காலும் கன்றிக் கறுத்து, குழிவே தெரியாமல் வீங்கியிருந்தன. அந்தப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதாதீங்கக்கா, நான் திரும்ப அங்கதான் போகணும்" என்றான். டாக்டர் எழுதினார். எந்த இடம், என்ன நிறம், எத்தனை சென்டிமீட்டர், அவன் சொன்ன வார்த்தை என்ன, எல்லாம் ஏ.ஆர். எனும் விபத்து, காயப் பதிவேட்டில் ஏறியது.

உள்ளங்காலில் அடிப்பதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் ஃபலாங்கா. வெளியே காயம் தெரியாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படும் அடி அது. சித்திரவதைக் காயங்களை எப்படிப் பார்த்துப் பதிய வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது. போலீஸ் இல்லாத அறையில் பரிசோதி, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுது, காயம் அதோடு பொருந்துகிறதா என்று சொல் என்கிறது. அந்த டாக்டர் அதைப் படித்திருந்தாரோ என்னவோ, செய்தது அதைத்தான். எங்கள் நர்ஸிங் படிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மருத்துவப் பணியாளர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை தன் 10வது பிரிவிலேயே சொல்கிறது.

அந்த உடன்படிக்கை 1984இல் ஏற்கப்பட்டு 1987 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2வது பிரிவு. போர் வந்தாலும், நெருக்கடி வந்தாலும், எந்தக் காரணத்தைச் சொல்லியும் சித்திரவதையை நியாயப்படுத்த முடியாது. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பதும் செல்லாது. "அவன் என்ன பண்ணினான் தெரியுமா?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. போட்டதோடு சரி, ஏற்று உறுதிசெய்யவில்லை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் செய்துவிட்டன. சீனா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் எல்லாம் அதில் உண்டு. 2010இல் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது. அது மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 273வது அறிக்கையில் மறுபடி சொன்னது. அதுவும் அப்படியே கிடக்கிறது.

"அப்ப திருடனைக் கொஞ்சணுமா?" என்று கேட்பீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது என்பது வெள்ளைக்காரன் காலத்து 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. அடி தாங்காமல் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. அடித்துக் கேஸை முடித்தால் உண்மையான திருடன் நிம்மதியாக வெளியே திரிவான். இன்னொன்றும் இருக்கிறது. 1995இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க்காரரை இந்தியா இன்றுவரை கொண்டுவர முடியவில்லை. இங்கே அனுப்பினால் சித்திரவதை நடக்கும் அபாயம் உண்டு என்று அந்த நாட்டு நீதிமன்றங்கள் 2011இலும் 2024இலும் மறுத்துவிட்டன. லாக்கப் அடி குற்றவாளிகளுக்கே கேடயமாகிவிட்டது.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டுப் பிறகு செத்துப்போன அப்பாவும் மகனும் ஜெயராஜ், பென்னிக்ஸ். அடிபட்ட பிறகு அவர்கள் நேரே சிறைக்குப் போகவில்லை. நடுவில் ஒரு மருத்துவமனை இருந்தது, ஒரு மாஜிஸ்ட்ரேட் இருந்தார். இரண்டு கதவையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். நர்ஸாக இருந்தவளுக்கு அந்த முதல் கதவுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அங்கே யாராவது ஒருவர் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் பார்த்து எழுதியிருந்தால்? ஸ்டேஷன் சிசிடிவி பதிவோ தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் 2025இல் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் செத்துப்போனார்.

மலையில் இது யார் தலையில் விடியும் என்று நமக்குத் தெரியும். பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர், லைன் வீட்டு மக்கள். பையனைக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று தெரிந்தாலும் கடைசி பஸ் போயிருக்கும், விடியும் வரை எதுவும் செய்ய முடியாது. அந்த ராத்திரியில்தான் எல்லாம் நடக்கும். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைமக்கள் 1992இல் வனத்துறை, போலீஸ் கையில் அனுபவித்த கொடுமைக்கு உயர் நீதிமன்றத்தின் முடிவான தீர்ப்பு வந்தது 2023இல்.

சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நிறைய. அவர்களைக் கேளுங்கள். இலங்கை 1994இலேயே உடன்படிக்கையில் சேர்ந்து, குறைந்தது 7 வருஷம் சிறை என்று சட்டமும் போட்டது. அதன் பிறகும் அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட தமிழர் பட்டபாடு கொஞ்சமா? சட்டமும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குகிற சனமும் வேண்டும். நாம் கைதட்டிக்கொண்டிருந்தால் யார் கேட்பது?

ஒரு நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போனால் இவற்றைக் கேளுங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ கையெழுத்துப் போட வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53வது பிரிவு சொல்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100க்கு போன் பண்ணுங்கள்.