சிரித்தவர்களுக்கு: பிழை அந்தப் பிள்ளையிடம் இல்லை

அந்தக் கிளிப்பை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று இரவிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, சிரிப்பு முகங்களோடு. ஆங்கில தினப் போட்டி, மேடையில் தரம் ஆறு பிள்ளை, வாசிப்புப் பகுதியில் பேக்கரியில் குழைத்த மாவுக்கான ஆங்கிலச் சொல் வருகிறது. டி (D), ஓ, யூ, ஜி, எச். பிள்ளை ‘டஃப்’ என்று வாசிக்கிறது. ஒலிவாங்கி வைத்திருந்தவர் குறுக்கிட்டு “டோ, டோ” என்று சொல்லிக்காட்ட, மண்டபம் சிரிக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் குரல் எழும்பவே இல்லை. நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிழை அந்தப் பிள்ளையிடம் இல்லை. ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளிடம் இருக்கிறது.

இந்த நாலும் சேர்ந்து வரும் சின்னச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கரடுமுரடு என்றால் ரஃப். கடினம் என்றால் டஃப். போதும் என்றால் இனஃப். சரி, ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நினைக்கும்போதே இருமல் வருகிறது, கொஃப். ‘ஆனாலும்’ என்பதற்கு தோ. ‘ஊடாக’ என்பதற்கு த்ரூ. மரக்கிளைக்கு பௌ, கலப்பைக்கு ப்ளௌ. அதே எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு டி (T) போட்டால் ‘யோசித்தேன்’, அது தோட். கடினம் என்ற சொல்லுக்கும் குழைத்த மாவுக்கும் முதல் எழுத்து (T, D) மட்டும்தான் வேறு, மிச்சம் அப்படியே ஒன்று. ரஃப், டஃப், இனஃப் என்று படித்த பிள்ளை அடுத்த சொல்லையும் அந்த மாதிரியே வாசித்தால், படித்ததை வைத்து யோசித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். யோசிக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

அந்த ஜி எச் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. தொண்டைக்குள்ளிருந்து கரகரப்பாக வரும் ஒலி. ஸ்கொட்லாந்துக்காரர் ஏரிக்குச் சொல்லும் சொல்லில் இன்றும் அதைக் கேட்கலாம், ஜெர்மன்காரர் இரவுக்குச் சொல்லும் சொல்லிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது மெல்ல அழிந்துபோனது. சில சொற்களில் இருந்த இடமே தெரியாமல் போனது, சிலவற்றில் ஃப் ஆனது. எந்தச் சொல்லில் எது என்பதற்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய விதி எதுவும் இல்லை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்ட பிறகு எழுத்துக்கூட்டல் படிப்படியாக நிலைத்துவிட்டது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. அமெரிக்காக்காரர் கலப்பைக்கு அந்த ஜி எச்சைத் தூக்கிவிட்டு டபிள்யூ போட்டு எழுதுகிறார்கள். நாங்கள் இங்கே பதினொரு வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துகிறோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தின் வடக்கில் குழைத்த மாவை ‘டஃப்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்த உச்சரிப்பு டி, யூ, எஃப், எஃப் என்று தனிச் சொல்லாகவே அகராதிக்குள் போய்விட்டது. உலர்ந்த பழம் போட்டு அவிக்கும் பிளம் டஃப் என்ற பண்டத்தில் இருப்பது அந்த டஃப்தான். நீங்கள் சிரித்த உச்சரிப்பு வெள்ளைக்காரரின் வாயிலேயே இருந்த உச்சரிப்பு.

“அப்படியென்றால் பிழையைத் திருத்தவே கூடாதா, மிஸ்?” என்று கேட்பீர்கள். திருத்துங்கள். புள்ளியைக் குறையுங்கள், நடுவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பிள்ளை கீழே இறங்கியதும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒலிவாங்கியில் சொன்னது திருத்தம் இல்லை.

“தமிழிலும் ஒரே எழுத்துக்குப் பல ஒலி இருக்கிறதே” என்று ஒருவர் கொமெண்ட் போட்டிருக்கிறார். இருக்கிறது. கல்லில் ஒரு க, தங்கத்தில் ஒரு க, பகலில் ஒரு க. ஆனால் சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த நான்கெழுத்துக்கு அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். இங்கிலாந்தில் லஃப்பரா என்று ஒரு ஊர். அதை எழுதும்போது இந்த நாலும் ஒரே பெயரில் இரண்டு தரம் வருகின்றன, இரண்டு இடத்திலும் வேறு வேறு ஒலி. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே முதல் தரம் வாசிக்கும்போது தடுமாறுவார்கள்.

“ஒரு சின்னச் சிரிப்புத்தானே, இதற்கு இவ்வளவு நீளமா?” என்பவர்களுக்கு என்ன சொல்வது? கொழும்பில் அது சின்னச் சிரிப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்கிறார்கள், வாள். ஓகாரம் கொஞ்சம் பிசகினால் ‘நொட் பொட்’ என்று ஒரு பெயர் வைத்து, இந்த ஆள் எந்தப் பாடசாலை, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவார்கள். அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆட்களைப் பிரிப்பதற்குத்தான் இங்கே அதைக் கூடுதலாகப் பாவித்திருக்கிறோம்.

என் அப்பா கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தவர். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பா எழுதியவை. ஒரு கூட்டத்தில் அறிக்கையை வாசிக்கச் சொன்னார்கள். ‘முழுமையான’ என்பதற்கான சொல்லில் இதே நான்கெழுத்துத்தான், ‘தரா’ என்று வாசிக்க வேண்டியதை அப்பா ‘தரஃப்’ என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் அவர் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை, எழுதிக் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்தார். வீட்டுக்கு ஆங்கிலத்தில் யாராவது போன் எடுத்தால் ரிசீவரை எங்களிடம் நீட்டிவிடுவார். ஏன் என்று அம்மாதான் பிறகு சொன்னார். பதவி உயர்வு பேசத் தெரிந்தவர்களுக்குப் போனது. நான் ஆங்கிலம் படிப்பிக்க வந்ததே அதனால்தான். “ஆங்கிலம் விற்றுச் சாப்பிடுகிறவர் ஆங்கிலத்தைத் திட்டுகிறார்” என்று எழுதிய தம்பிக்கும் இதுதான் பதில். நான் அந்த மொழியைத் திட்டவில்லை. அதை நேசித்த ஒருவரை அதே மொழியைக் கொண்டு வாயடைக்க வைத்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

கூடுதலாக வலிப்பது இதுதான். அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் அநேகம் பேர் எங்கள் ஆட்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பெற்றோர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, இந்த ஊரில் ஏதோ ஒரு கவுண்டரில் ஏதோ ஒரு சொல்லுக்கு நின்று விழித்த குடும்பங்கள்தானே நாங்கள்? அது மறந்துபோய்விட்டதா? அந்தப் பிள்ளையின் அம்மாவின் போனிலும் வட்ஸ்அப் இருக்கிறது. நீங்கள் ஃபோர்வர்ட் பண்ணியது சுற்றிச் சுற்றி அங்கேயும் போயிருக்கும்.

பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழியுங்கள். பிள்ளை வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கிட மாட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் எழுத்தில் தரட்டும். அது வரும்வரை என் வகுப்பிலிருந்து அந்தப் போட்டிக்கு ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டேன்.