மத்தேயு 6:7 அப்படிச் சொல்லவில்லை

"ஒரே காரியத்துக்காக இரண்டாந்தரம் ஜெபித்தாலே அவிசுவாசம், மத்தேயு 6:7 அதைத் தடுக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், பிரதர். அது சரியல்ல. அங்கே கண்டிக்கப்படுவது வீண்வார்த்தைகளை அலப்புவது. நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பு. அதே மத்தேயுவில் 26:44ஐப் பாருங்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார். அப்போஸ்தலனாகிய பவுலும் தன் மாம்சத்திலிருந்த "முள்", அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்க மூன்று தரம் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அவரையும் அவிசுவாசி என்போமா?

அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், கட்டில் கம்பியைப் பிடித்தபடி "ஆண்டவரே, இரங்கும்" என்ற ஒற்றை வரியைத்தான் ராத்திரி முழுக்கச் சொன்னேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. இன்று அந்த நிலையில் இருக்கும் யாராவது உங்கள் பதிவைப் படித்து ஜெபத்தையே நிறுத்திவிடக்கூடாது. தயவுசெய்து திருத்திவிடுங்கள்.