க்யூர்பீப் வெயிலும் எங்க கன்னி மூலையும்

உண்மையச் சொல்லணும்னா ஊர்ல இருந்த வரைக்கும் வெயில் எந்தப் பக்கமா வருதுன்னு நான் நின்னு பாத்ததே இல்ல. திருநெல்வேலிக்காரிக்கு வெயில்னா தப்பிச்சு ஓடத்தானே தெரியும். மொரீசியஸ் வந்து, அதுலயும் இந்த க்யூர்பீப்ல வீடு பிடிச்சு, ரெண்டு பட்டுப்புடவை போனதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு.

வீடு பாக்குறப்ப அத்தை வீடியோ கால்லயே போன்ல திசை பாக்கச் சொல்லி, படுக்கையறை கன்னி மூலையிலதான் இருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. சரின்னு தென்மேற்கு ரூம எடுத்துக்கிட்டோம், மேக்கால பக்கத்து வீட்டு மாடி மறைக்குது, மே மாசம் பொறந்ததும் அதுக்குள்ள ஒரு பொட்டு வெயில் கிடையாது. இந்த ஊர் கடல்லருந்து 500 மீட்டருக்கு மேல உசரம், மழையும் ஈரமும் ஓயாது. ஆகஸ்ட்ல பீரோவத் திறந்தா குப்புன்னு ஒரு வாடை, முகூர்த்தப் புடவை மடிப்புல விபூதி தூவுன மாதிரி பூஞ்சை. நான் அழுதது எனக்கும் பீரோவுக்கும்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு தாந்தின்தான் (இந்த ஊர் க்ரியோல் பாஷையில ஆண்ட்டின்னு அர்த்தம்) கையப் பிடிச்சு மொட்டமாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தமிழ்க் குடும்பம்தான், வீட்ல பேசுறது க்ரியோல், ரசத்த ரசோன்னு சொல்வாங்க. தெரு முழுக்கக் கை காட்டுனாங்க, எல்லா வீட்டு சோலார் ஹீட்டரும் வடக்க பாத்து நிக்குது. அப்பதான் மண்டையில உறைச்சுச்சு, நாம இப்ப பூமத்திய ரேகைக்குத் தெக்க 20 டிகிரில உக்காந்திருக்கோம், உச்சி வெயில் வருஷத்துல பத்து மாசம் வடக்க சாஞ்சுதான் போகும். ஜூன் 21 மத்தியானம் சூரியன் 46 டிகிரி உசரம்தான் ஏறும், அதுவும் வடக்குல. குளிர் காலத்துல தெக்கு ரூமுக்கு எங்கருந்து வெயில் வரும்?

அதுக்கப்புறம் எனக்கு இது ஒரு கிறுக்காவே ஆகிருச்சு. ஹால்ல வடக்கு ஜன்னல் கம்பியோட வெளிச்சம் தரையில விழுற இடத்துல கோலமாவால கோடு போட்டு வைப்பேன், மத்தியானம் மத்தியானம். சித்திரை ஒண்ணுக்கு ரெண்டு டைல், ஜூன் கடைசியில மூணு டைல் தாண்டிருச்சு. பொங்கலுக்கு? ஒண்ணுமே இல்ல. அன்னைக்குப் பன்னெண்டு இருபதுக்கு மொட்டமாடில வாளியக் கவுத்து வச்சுப் பாத்தேன், நிழலே காணோம், வாளிக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கிச்சு. தை பொறந்தா பகல் நீளும்னு படிச்சு வளந்தவ நான், இங்க தை பொறந்தா பகல் சுருங்க ஆரம்பிக்குது!

ஆடி மட்டும் மாறல. ஆடிக் காத்துல அம்மி பறக்கும்னா இங்க ஸ்வெட்டரோட சேந்து பறக்கும், அப்படி ஒரு தென்கிழக்குக் காத்து.

வாஸ்து பொய்னு சொல்ல வரல, சண்டைக்கு வராதீங்க. அது எந்த மண்ணுக்குச் சொன்னதோ அந்த மண்ணுல வச்சுக்கோங்கன்னுதான் சொல்றேன். இங்க புதுசா வர்ற நம்மாளுங்க வாசல் எந்தத் திசைன்னு கேக்குற அளவுக்கு, ஜூலைல எந்த ரூமுக்கு வெயில் வரும்னு கேக்குறதே இல்ல, ஏஜெண்டும் நல்ல டிசம்பர் வெயில்ல கூட்டிட்டுப் போய்க் காட்டிருவான், எல்லா ரூமும் பளிச்சுனு இருக்கும், நாமளும் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துருவோம்.

நாங்க இப்ப படுக்கைய வடக்கு ரூமுக்கு மாத்திட்டோம், கன்னி மூலையில சூட்கேஸும் பழைய சைக்கிளும் கிடக்கு. வர்ற ஜூன்ல அத்தை ரெண்டு மாசம் தங்க வர்றாங்க. மூட்டு வலி இருக்கு, வெயில் காயணும். ஹால்ல மூணாவது டைல்ல ஈஸி சேரப் போட்டு வச்சிட்டேன். பெட்ரூம் எந்தத் திசைன்னு கேட்டா அவங்க புள்ளையே பதில் சொல்லட்டும்.