முள்ளை நடுவில் நிறுத்துவது மேனுவல் ஆகாது

ஃபிலிம் கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவை, மேனுவலாகத் தம் கையால் வைப்பவரே தேர்ந்த புகைப்படக்காரர் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில், ஒளிமானியின் முள் நடுவுக்கு வரும்வரை லென்ஸ் துவாரத்தின் அளவை மாற்றும் அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பிவிட்டு ஷட்டரை அழுத்துகிறவர், மானி போட்ட கணக்கைத் தம் விரல்களால் நிறைவேற்றுகிறார், அவ்வளவுதான். நிக்கான் எஃப்இ கேமராவை ‘ஆட்டோ’வில் வைத்தால் அதே வேலையை அது தானே செய்துவிடும்.

மானிக்கு எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரும் கறுப்புத் துணியும் அதன் கணக்கில் ஒன்றுதான். சுவருக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்) கூட்டவும், துணிக்கு அதே அளவு குறைக்கவும் வேண்டியவர் நாம். 1983இல் வந்த நிக்கான் எஃப்ஏ காட்சியை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்தது. ஆயினும் நமக்கு வேண்டியது முகமா, பின்னாலிருக்கும் வானமா என்பது அதற்கும் தெரியாது. ஜன்னலுக்கு முன் ஒருவரை நிறுத்தி, முழு மேனுவலில், முள்ளை அணுவளவும் பிசகாமல் நடுவில் வைத்து நான் எடுத்த ஸ்லைடில் (ஃபிலிமே நேரடியாகப் படமாகும் வகை) முகம் கரியாய்ப் போயிருந்தது. (அன்றுவரை எனக்கும் அந்தப் பெருமை இருந்தது.)

மேனுவல் உண்மையாகவே வெல்லும் இடம் வேறு. ஒரே வெயிலில் முதலில் வெள்ளை உடுத்தியவரும் அடுத்துக் கறுப்பு உடுத்தியவரும் வந்து நிற்கும்போது, வெளிச்சம் இம்மியும் மாறவில்லை என்றாலும் ஆட்டோ ஒவ்வொரு பிரேமுக்கும் எக்ஸ்போஷரை மாற்றிக்கொண்டே போகும். ஒருமுறை அளந்து பூட்டிவைத்தவருக்கு அந்தக் குழப்பமில்லை. பேட்டரி தீர்ந்தால் கேனான் ஏஇ-1 ஷட்டர் இயங்காது, நிக்கான் எஃப்எம்2 இயங்கும் என்பதையும் சொல்வார்கள். அது ஷட்டரின் இயக்கமுறையைப் பற்றிய பேச்சு, எக்ஸ்போஷரைப் பற்றியதன்று.

பிரிண்ட் போடப் பயன்படும் கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் நிழல்கள் சிதையும் என்பதால், அதற்கு நான் ஆட்டோவையே நம்புகிறேன். எதிர்வெளிச்சத்தில் மட்டும் ஆட்டோவின் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் காம்பன்சேஷன் வளையத்தைத் திருப்புவேன். அரை ஸ்டாப் பிழையையும் காட்டிக்கொடுக்கும் ஸ்லைடு ஃபிலிம் ஏற்றிய நாளில், படமெடுக்கப்படுபவர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் என் உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, அதன்பின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதேயில்லை.